பக்கத்துக் கட்டிலின் பசி

“இன்னும் பிரட்டவேண்டாம். சத்தம் மாறட்டும்.”

முன்னறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் முள்ளுக்கரண்டியோடு நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவரும் சாத்திய கதவும் இருந்தன. அவர் இருந்த இடத்திலிருந்து அடுப்பைப் பார்க்க முடியாது. தாச்சியையும் அதற்குள் பொரிந்துகொண்டிருந்த இறைச்சியையும் பார்க்க முடியாது.

எலும்போடு விரல் தடிப்பில் வெட்டிய பன்றி விலாத் துண்டுகள். போர்க் சொப்ஸ் என்பார்கள். என் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பன்றி இறைச்சியைக் கையால் தொட்டேன். அந்தக் குளிர்ந்த வழுவழுப்பு விரல் நுனியில் அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் சத்தம் மாறியது. ஈரம் வற்றும்போது வந்த படபடப்பு அடங்கி, மெல்லிய ஒரே சீரான இரைச்சல் கேட்டது.

“இப்ப பிரட்டுங்கோ,” என்றார் என் கணவர்.

பிரட்டினேன். அடிப்பக்கம் செம்பொன் நிறத்தில் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற டொறீன் அன்ரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “பேர்சியும் உப்பிடித்தான். கதிரையில இருந்தபடி சத்தத்தைக் கேட்டுச் சொல்லுவார்,” என்றார் என் காதோடு.

பேர்சி, டொறீன் அன்ரியின் கணவர். அவரை அடக்கம் செய்து அதிக நாளாகியிருக்கவில்லை. என் கணவர் யோகன் அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. சமையல் என்றால் யோகனுக்குத் தேநீர் போடவும் தெரியாது.

கயிறு

யோகன் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் வேலை செய்தார். பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வந்து கட்டுகிற வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் அவர் துறைமுகத்துக்கும் நான் தபால் கந்தோருக்கும் போவோம். பின்னேரம் லிங்கநகர் வீட்டுக்கு வருவோம். எங்கள் வாழ்க்கை இவ்வளவுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தொடங்கியிருந்த ஒரு காலையில், ஒரு கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்தது. இறுகிய கயிறு அறுந்தால் வருவது கண்ணுக்குத் தெரியாதாம். அது அவருடைய தோளில் அடித்து, அவரைத் தூக்கி, படகின் இரும்பு விளிம்பில் தலை படும்படி எறிந்தது.

எனக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு பார்சலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அங்கே ஒரு தாதி அதைக் கையிலிருந்து பிடுங்கி வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பல நாட்கள் அவர் கண் திறக்கவில்லை. நான் வார்ட்டுக்கு வெளியே போட்டிருந்த நீண்ட மர வாங்கில் இருப்பேன். கூப்பிடும்போது உள்ளே போய் அவருடைய காலைத் தடவிவிட்டு வருவேன். பக்கத்துக் கட்டிலை ஒரு பச்சைத் திரை மறைத்திருக்கும். அந்தத் திரையின் அடியில் சில நாட்களில் ஒரு பெண்ணின் சப்பாத்துகள் தெரியும். அதற்கு மேலே நான் பார்த்ததில்லை. வாங்கில் என்னோடு யார் யாரோ இருந்தார்கள். யாருடைய முகமும் மனதில் நிற்கவில்லை.

ஒரு நாள் காலை எங்களை எல்லாம் வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே சில்லு வைத்த கட்டில் உருளும் சத்தம். கவுண் போட்ட ஒரு பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வந்து அழாமல், தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்ததாகத் தாதி என்னிடம் வந்தாள்.

“அம்மா, கெதியா வாங்கோ. உங்கட ஆள் கண் முழிச்சிட்டார்.”

நான் ஓடினேன். அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விருந்தாளி

யோகன் என்னை வெகு நேரம் பார்த்தார். உதடு ஒட்டியிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்தேன்.

“மன்னிக்கோணும்,” என்றார். “நீங்கள் ஆர்?”

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை ‘நீ’ என்றுதான் அழைப்பார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை.

“நான் புவனா. உங்கட மனிசி.”

அவர் மரியாதையோடு தலையசைத்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, “டொறீன் வரேல்லையோ?” என்றார்.

தலையில் அடிபட்டவர்கள் இப்படித்தான் குழம்புவார்கள், மெல்ல மெல்லச் சரிவரும் என்றார் டொக்டர். மயக்கத்திலும் காது கேட்குமாம். வார்ட்டில் யார் யாரோ கதைப்பதெல்லாம் மூளைக்குள் போய்க் கலந்துவிடுமாம். நானும் நம்பினேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் பெயரைச் சொல்லப் பழகினார். தன் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்தார். ஆனால் தன்னுடைய சொந்தக் கதிரையில் இருப்பதற்கு முன் “இதில இருக்கலாமோ?” என்று கேட்டார். குளித்து வந்தால் தலையை வலப்பக்கம் வகிடெடுத்து இழுத்தார். யோகனின் வகிடு இடப்பக்கம்.

நான் அவருக்குப் பிடித்த பாரைமீன் குழம்பு வைத்தேன். கொஞ்சம் சாப்பிட்டார்.

“நல்லாயிருக்கு,” என்றார். “ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கு அதைச் செய்வீங்களோ?”

“எதை?”

அவர் கைகளால் காட்டத் தொடங்கினார். கொழுப்புள்ள விளிம்பை அங்கங்கே கீறவேண்டும், இல்லாவிட்டால் இறைச்சி சுருண்டுவிடும். துண்டுகளை முதலில் அந்த விளிம்பில் நிமிர்த்தி வைத்து, கொழுப்பு உருகி வந்த பிறகு படுக்கப் போடவேண்டும். இறைச்சியை எடுத்துவிட்டு, அதே தாச்சியில் சின்ன வெங்காயத்தை வதக்கி, வினாகிரி விட்டு, அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டவேண்டும். பிறகு கரைத்து வடித்த விளாம்பழம், கொஞ்சம் சீனி, ஒரு துண்டு கறுவா. விரலால் இழுத்தால் கோடு நிற்கிற பதம் வரைக்கும் வற்றவிடவேண்டும்.

“என்ன இறைச்சி?” என்று கேட்டேன்.

“பண்டி,” என்றார், நான் இதைப் போய்க் கேட்கிறேனே என்ற வியப்போடு.

ஒரு பழைய கதை

எங்கள் வீட்டில் பன்றி நுழைந்ததில்லை என்றால் அது முழு உண்மையல்ல. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோப்பூர்ப் பக்கத்து வயல்காரர் ஒருவர் எப்போதாவது காட்டுப்பன்றி இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார். அப்பா அதை வளவின் கடைசியில், பலா மரத்தடியில், தனியாகக் கல் வைத்துச் சமைப்பார். அம்மா யன்னலைச் சாத்திவிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் சட்டியை அந்த இடத்திலேயே உடைத்துவிட வேண்டும். அப்பா உடைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் யன்னல் திறக்கும்.

ஆனால் இது காட்டுப்பன்றி அல்ல. யோகன் அதைக்கூடத் தொடாதவர்.

எனக்கு இன்னொரு மனக்கஷ்டமும் இருந்தது. விளாம்பழம் நாங்கள் பிள்ளையாருக்குப் படைக்கிற பழம். அதை உடைக்கும்போது வருகிற அந்தப் புளித்த வாசம் எனக்குக் கோயில் வாசம். அதைக் கொண்டுபோய்ப் பன்றிக் கொழுப்பில் ஊற்றுவதா?

இதையெல்லாம் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற என் முஸ்லிம் சிநேகிதியிடம்தான் சொன்னேன். தபால் கந்தோரில் அடுத்த கவுண்டர் அவளுடையது.

“நீங்க என்னத்தையும் சமைங்க. பகல் சாப்பாட்டுக்கு மட்டும் இஞ்ச கொண்டு வந்திராதீங்க,” என்றாள் முதலில்.

பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்: “அந்த டொறீன் எண்டது ஆரெண்டு விசாரிச்சீங்களா?”

அதுதான் என் நெஞ்சில் கிடந்த முள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஆம்பிளையின் மனைவி எதையெல்லாம் நினைப்பாளோ அதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்துவிட்டேன். அவருடைய சேட்டுப் பைகளைத் தேடினேன். ஃபோனைத் தேடினேன். ஒன்றும் இல்லை.

“ஒருக்கா ஆளை வெளிய கூட்டிக்கொண்டு போங்க,” என்றாள் சிநேகிதி. “கால் எங்க போகுதெண்டு பாருங்க.”

படலை

ஒரு சனிக்கிழமை காலை ஓட்டோ பிடித்தேன். கடற்கரைக்குப் போகச் சொன்னேன். கச்சான் காற்று வீதிப் புழுதியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. யோகன் வெளியே பார்த்தபடி வந்தார்.

சந்தியொன்றில் அவர் முன்னால் குனிந்து, ஓட்டோக்காரரின் தோளைத் தொட்டார்.

“தம்பி, இடப்பக்கம் விடுங்கோ.”

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிறகு ஒரு வலப்பக்கம். பிறகு ஒரு இறக்கம். உள்துறைமுகத்தின் தண்ணீர் வீடுகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒழுங்கையின் முடிவில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு குப்பையில் எதையோ மேய்ந்துகொண்டு நின்றன. ஓட்டோ வந்தும் அவை விலகவில்லை. யோகன் இறங்கி நடந்தபோது மட்டும் தலையைத் தூக்கி, ஒதுங்கி, வழி விட்டன.

அந்த ஒழுங்கைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. யோகனும் போனதாகச் சொன்னதில்லை. அவர் மஞ்சள் சுவர் வைத்த ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றார். தகரப் படலை. வெளியே கொண்டி இல்லை. அவர் மேலால் கையை விட்டு, உட்பக்கம் ஓர் ஆணியில் மாட்டியிருந்த கம்பி வளையத்தைப் பார்க்காமலே கழற்றினார்.

“இஞ்சருங்கோ, நில்லுங்கோ!” என்றேன்.

அவர் நிற்கவில்லை. முன்கதவில் தட்டவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்து, கதவை ஒரு விரற்கடை மேலே தூக்கி, பிறகு உள்ளே தள்ளினார். பிணைச்சல் தளர்ந்து நிலத்தில் உரசுகிற கதவு அது. தூக்கித் தள்ளியதால் சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிறகு ஈரக் கையோடு ஒரு பெண் வந்தார். அறுபது கடந்தவர். பூப்போட்ட கவுண். அவர் கதவைப் பார்த்தார், பிறகு கதவைத் திறந்த கையைப் பார்த்தார். கடைசியாகத்தான் யோகனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் எதையோ எதிர்பார்த்து ஏமாந்தது போலிருந்தது.

“டொறீன்,” என்றார் யோகன். “பசிக்குது.”

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார் என்னிடம். “தயவுசெய்து போங்கோ.”

நான் யோகனின் கையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளையைப் போல வந்தார். படலையடியில் அந்தப் பெண் பின்னால் ஓடி வந்தார்.

“ஆஸ்பத்திரி வாங்கில இருந்தது நீங்கள்தானே?”

அப்போதுதான் எனக்கு அந்தச் சப்பாத்துகள் நினைவுக்கு வந்தன.

“ஓம்,” என்றேன். “தபால் கந்தோரில வேலை செய்யிறனான். புவனா. உங்கட அவர்…”

“பக்கத்துக் கட்டில். உங்கட ஆள் கண் முழிச்ச காலமைதான்,” என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினார்.

வாங்கில் இரண்டு பேர்

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பாட்டுப் பாடவேண்டும் போலிருந்தது. இன்னொரு பெண் இல்லை. டொக்டர் சொன்னதுதான் சரி. பக்கத்துக் கட்டில்காரர் தன் வீட்டையும் மனைவியையும் மனைவியின் கைச் சமையலையும் பற்றி நாள் முழுக்கக் கதைத்திருப்பார். அதெல்லாம் இவருடைய மயங்கிய மூளைக்குள் போய்க் குடியிருந்துவிட்டது. படலைக் கம்பியையும் கதவையும்கூட அந்த மனிதர் சொல்லியிருக்கலாம்தானே?

அடுத்த கிழமை டொறீன் அன்ரி தபால் கந்தோருக்கு வந்தார். வரிசையில் நின்று என் கவுண்டருக்கு வந்தபோது கையில் கடிதமோ பார்சலோ இருக்கவில்லை. நான் கவுண்டரைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். வாகை மரத்தடி வாங்கில் இருந்தோம். ஆஸ்பத்திரியில் இருந்த மாதிரியே, அவர் ஒரு முனையில், நான் மறு முனையில்.

நான் என் விளக்கத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“மகள்,” என்றார், “பேர்சி அங்க ஒரு சொல்லும் கதைக்கேல்லை.”

“உங்களுக்கு முன்னால கதைக்காட்டியும்…”

“கொண்டு வந்த நேரமே தொண்டையில குழாய் போட்டிட்டினம். கடைசி மட்டும் அது எடுக்கேல்லை. அவரால கதைக்க ஏலாது.”

காற்று வாகைச் சருகுகளை எங்கள் கால்களுக்கிடையில் உருட்டியது.

“அப்ப நீங்கள் கதைச்சிருப்பீங்கள். பக்கத்தில இருந்து, சமையலைப் பற்றி…”

“நான் செபம் மட்டுந்தான் சொன்னனான்.”

அதன் பிறகு அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னார். பூசை முடிந்து வந்து, பேர்சி ஆசையாகக் கேட்ட சாப்பாட்டைச் செய்திருக்கிறார். பேர்சி வழக்கம் போல முன்னறையில் இருந்தபடி, பிரட்டு, இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். விளாம்பழச் சாற்றை இறைச்சியின் மேல் ஊற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு டொறீன் அன்ரி வந்தபோது, அவர் கையில் முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாராம். பாரிசவாதம்.

“கண் மட்டும் திறந்திருந்தது. தட்டைப் பாத்தவர். என்னைப் பாக்கேல்லை. தட்டைத்தான் பாத்தவர்.” அவர் தன் கைகளை மடியில் விரித்து வைத்தார். “ஒரு வாயும் சாப்பிடேல்லை மகள்.”

பேய், ஆவி என்று எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. அன்று அந்த வாங்கிலும் அந்தச் சொற்களை நாங்கள் இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. ஆனால் வீட்டில் வலப்பக்கம் வகிடெடுத்துக்கொண்டு, தன் சொந்தக் கதிரையில் இருக்க அனுமதி கேட்கிற மனிதர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பிப் போக அன்று எனக்குக் கால் வரவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாறீங்களோ?” என்று கேட்டார் டொறீன் அன்ரி. “இறைச்சிக்குச் சொல்லி வைச்சிட்டன். ஆனா என்ர கையால அதைத் திரும்பச் செய்ய ஏலாது. நான் சொல்லித் தாறன், நீங்கள் செய்யுங்கோ.”

“சாப்பிட்டா என்ன நடக்கும், அன்ரி? போயிடுவாரோ? இல்லாட்டி ருசி கண்டு நிண்டிடுவாரோ?”

“எனக்குத் தெரியாது.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் எழும்பி, கவுணில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

தாச்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை யோகன் தானே சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சேட்டைத் தேடி எடுத்துப் போட்டார். எங்கே போகிறோம் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

டொறீன் அன்ரியின் வீட்டில் அவர் நேராகப் போய் யன்னலோரக் கதிரையில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். நண்பகல் வெயிலில் தண்ணீர் தகரத்தைப் போல அசையாமல் கிடந்தது. யன்னல் திரைச்சீலை மட்டும் கச்சானுக்கு உப்பி உப்பி அடங்கியது.

குசினியில் எல்லாம் தயாராக இருந்தது. நான் துண்டுகளைத் துணியால் ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவினேன். விளிம்பைக் கீறினேன். இரும்புத் தாச்சி காய்ந்ததும் துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து, கொழுப்பு விளிம்பில் நிமிர்த்தி வைத்தேன். கொழுப்பு கண்ணாடியாகி உருகியது. அந்த வாசனை என் தொண்டையில் ஏறியபோது குமட்டும் என்று எதிர்பார்த்தேன். குமட்டவில்லை. வாய் ஊறியது. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

முன்னறையிலிருந்து குரல் வரத் தொடங்கியது. எப்போது படுக்கப் போடுவது, எப்போது பிரட்டுவது என்பதெல்லாம் அந்தக் குரல்தான் சொன்னது. அது யோகனின் குரல்தான். ஆனால் சொற்களை அடுக்குகிற விதமும் இடையில் விடுகிற மூச்சும் வேறு.

டொறீன் அன்ரி எனக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னவர், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

“எடுத்து மூடி வையுங்கோ. இறைச்சி ஆறட்டும்.”

எடுத்து வைத்தேன். வெங்காயம் போட்டேன். வினாகிரி விட்டதும் காரமான ஆவி எழுந்து கண்ணைக் கரித்தது. அடியில் ஒட்டியிருந்த கபில நிறப் பொருக்கைச் சுரண்டினேன். விளாம்பழக் கரைசலை ஊற்றினேன். கறுவா, சீனி. கோயில் வாசமும் கொழுப்பு வாசமும் ஒன்றாகி, எனக்குப் பெயர் தெரியாத மூன்றாவது வாசமாக எழுந்தன. பிள்ளையாரே, பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். இறைச்சி ஆறியபோது தட்டில் ஊறி நின்ற சாற்றையும் அதற்குள் வடித்தேன்.

மரக்கரண்டியின் முதுகில் விரலால் இழுத்தேன். கோடு நின்றது.

“காணும், இறக்குங்கோ,” என்றது முன்னறைக் குரல்.

மேசை

தட்டை யார் கொண்டுபோவது என்று ஒரு கணம் இரண்டு பேரும் நின்றோம். பிறகு டொறீன் அன்ரி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பேர்சி சரிந்த நாளில் பாதி வழியில் நின்ற நடையை இன்று நடந்து முடிக்கிறவரைப் போல, நிலத்தைப் பார்த்தபடி நடந்தார்.

தட்டை மேசையில் யோகனுக்கு முன்னால் வைத்தார்.

யோகன் கையால் சாப்பிடுகிறவர். கல்யாண வீடுகளில்கூடக் கரண்டியைத் தொடமாட்டார். அன்று கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்து, எலும்போரமாகச் சீராக வெட்டினார். வறுபட்ட கொழுப்பு விளிம்பைத் தனியே அரிந்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

டொறீன் அன்ரி என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் சில்லிட்டிருந்தன.

“அது எனக்கு,” என்று கிசுகிசுத்தார். “கலியாணம் கட்டின நாளில இருந்து அது எனக்கு.”

யோகன் மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டை விளாம்பழச் சாற்றில் தோய்த்து எடுத்தார்.

“இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, டொறீன்.”

டொறீன் அன்ரி சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து வேறொன்றாகியது. ஒவ்வொரு முறையும் பேர்சி இதைத்தான் சொல்வாராம். அன்ரி மேசைக்குக் கிட்டப் போய் நின்றார்.

“பேர்சி,” என்றார்.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடக் கண்டதில்லை. நான் அந்த அறையில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அங்கே இருந்தது என் புருசனின் உடம்பு.

“நோகுதோ?” என்று கேட்டார் டொறீன் அன்ரி.

“இல்லை. பசிதான் இருந்தது.”

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டார். பாண் துண்டால் தட்டைத் துடைத்தார், ஒதுக்கி வைத்த விளிம்புகளில் படாமல். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

“போதும்,” என்றார்.

கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். தலை ஒரு பக்கம் சரிந்தது. நான் பாய்ந்து போய் அவருடைய மூக்கடியில் கையை வைத்தேன். மூச்சு இருந்தது. ஆழ்ந்து தூங்குகிறவரின் மூச்சு. யன்னலில் உப்பியிருந்த திரைச்சீலை தொய்ந்து விழுந்தது. காற்று நின்றுவிட்டிருந்தது. வெளியே ஒரு காகமும் கத்தவில்லை.

அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அவருடைய கை எழும்பித் தலையிலிருந்த தழும்பைச் சொறிந்தது. கண் திறந்தார். தட்டைப் பார்த்தார். சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“புவனா, இது ஆரின்ர வீடு? வாய்க்குள்ள என்ன இப்பிடிப் புளிக்குது?” என்றார். “ஏனடி அழுறாய் நீ?”

நான் அவருடைய தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அந்நியர் வீட்டில், அந்நியப் பெண்ணுக்கு முன்னால். அவர் வெட்கப்பட்டு என்னைத் தள்ளிவிட்டார். அதுவும் யோகன்தான்.

டொறீன் அன்ரி கதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு யன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கித் தண்ணீரைப் பார்த்தார். பேர்சி எந்த வழியால் போனார் என்று தேடுகிற பார்வை. எனக்குக் கிடைத்த அதே கணத்தில் அன்ரி தன் புருசனை இரண்டாம் முறையாக இழந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கூட்டிக்கொண்டு போ மகள்,” என்றார் திரும்பாமல். “இவர் உன்ர ஆள்.”

“பாத்திரங்களைக் கழுவி வைச்சிட்டு…”

“வேண்டாம். அது கிடக்கட்டும்.”

படலையடியில் திரும்பிப் பார்த்தேன். முன்கதவு திறந்தபடி கிடந்தது. டொறீன் அன்ரி அந்த யன்னலோரக் கதிரையில் இருந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் இருந்த கொழுப்பு விளிம்புகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சந்தையில்

நடந்ததைச் சொன்னபோது யோகன் நம்பவில்லை. பன்றி சாப்பிட்டதை மட்டும் நம்பினார். கிணற்றடியில் நின்று திரும்பத் திரும்ப வாயைக் கொப்பளித்தார். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கயிறு அறுந்ததற்குப் பிறகு எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. இப்போது படகில் ஏறுவதில்லை. கரையில் ஒரு இலேசான வேலை கொடுத்திருக்கிறார்கள்.

டொறீன் அன்ரி எங்களை மறுபடி கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை. ஆனால் சந்தையில் சில வேளைகளில் அவரைக் காண்பேன். கூடையை நிலத்தில் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார்.

“ஆள் சுகமோ? நல்லாச் சாப்பிடுறாரோ?”

“ஓம் அன்ரி, நல்லாச் சாப்பிடுறார்.”

“என்ன சாப்பிடுறார்?”

“சோறும் மீனுந்தான். வேற என்ன.”

“அது நல்லது,” என்பார். “அது நல்லது மகள்.”

என்ன சாப்பிடுறார் என்று கேட்கும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் தோளுக்கு மேலால், மீன் கடைகளுக்கு அப்பால், எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வரும் வரை என் கைகளை விடவும் மாட்டார்.